ஐம்பது அடி உயரத்தில் அர்லீன்

ஹார்லன்வில், இண்டியானா
20 மே 1959

அன்புள்ள பெர்னிஸ் அக்காவுக்கு,

அர்லீன் எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். உன் முதுகுவலி தேவலையா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அந்த ஆட்டம் கண்ட நாற்காலியை மாற்றிக் கொடுத்தார்களா?

இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா? தரையிலிருந்து ஐம்பது அடி உயரத்தில்! மெயின் ரோட்டில் ஓடம் என்பவரின் கார் விற்கும் கடை இருக்கிறது. அதன் நடுவே ஓர் இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் எட்டடிக்கு எட்டடி பலகை மேடை போட்டிருக்கிறார்கள். போன சனிக்கிழமை கிரேன் வண்டியில் என்னை ஏற்றிவிட்டு வண்டியைக் கொண்டு போய்விட்டார்கள். கூடாரம், மெத்தை, ரேடியோ, டெலிபோன் எல்லாம் உண்டு. குளிப்பதற்கும் மற்றதற்கும் ஒரு மூலையில் திரை. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான்.

கன்சாஸில் ஒரு பெண் இப்படி நூற்றைம்பத்திரண்டு நாள் உட்கார்ந்தாளாம். நான் அக்டோபர் 15 வரை தாக்குப்பிடித்தால் அவளை முந்திவிடுவேன். ஓடம் ஒரு புதுக் கார் தருவார். வால் பக்கம் மீன் துடுப்புபோல் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. கல்யாணமான நாளிலிருந்தே வெர்னுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. போட்டிக்கு என் பெயரை எழுதிக் கொடுத்ததே அவன்தான்.

தினமும் காலை பத்து மணிக்கு உள்ளூர் ரேடியோவிலிருந்து டஸ்டி கூப்பிடுவான். "என்னம்மா வானத்து ராணி, மேல காத்து எப்படி?" என்பான். ஊரே கேட்கும்.

சாப்பாடு கூடையில் வருகிறது. கயிற்றை வலக்கையால்தான் இழுக்கிறேன். ஏப்ரலில் கார் கதவில் நசுங்கிய இடது மணிக்கட்டு இன்னும் முழுதாகக் கூடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அர்லீன்

ஓமஹா, நெப்ராஸ்கா
28 மே 1959

அன்புத் தங்கை அர்லீனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதுகு வலிக்கிறது, நாற்காலி ஆடுகிறது. மற்றபடி நலம். நீ நலம் என்கிறாய். நம்ப முடியவில்லை.

உனக்கென்ன பைத்தியமா? நம் வைக்கோல் பரண் ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறமாட்டேன் என்று அழுதவள் நீ. அப்பா உன்னைத் தூக்கித்தான் இறக்கினார். அந்த அர்லீன் ஒரு காருக்காக ஐந்து மாதம் கம்பத்தின்மேல் உட்காருவாள் என்றால் யாரிடம் கதை விடுகிறாய்?

இன்னொன்று. கிறிஸ்துமஸுக்கு அடுப்பில் சுட்டுக்கொண்டதாக எழுதினாய். பிப்ரவரியில் பனியில் வழுக்கி விழுந்தாய். ஏப்ரலில் கார் கதவு. அடுப்புக்கும் பனிக்கும் கதவுக்கும் உன்மேல் அப்படி என்ன கோபம்?

மேடையின் டெலிபோன் நம்பரை எழுது. எனக்கு வேலையே அதுதானே, ஒரு நிமிடத்தில் கூப்பிட்டுவிடுவேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
பெர்னிஸ்

ஹார்லன்வில்
9 ஜூன் 1959

அன்புள்ள பெர்னிஸுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

வெர்ன் மிக நல்ல கணவன். வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுகிறான். எனக்கு வரும் கடிதங்களை அவனே பிரித்துப் பார்த்துக் கூடையில் அனுப்புகிறான். நான் எழுதுவதையும் அவன்தான் தபாலில் சேர்க்கிறான். ஆகவே எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. மணிக்கட்டைப் பற்றி நீ கேட்டது அவனுக்கு வருத்தம். எனக்கும் வருத்தம். இனி அதைப்பற்றி எழுத வேண்டாம். டெலிபோனும் வேண்டாம்.

வானிலை நன்றாக இருக்கிறது. பிள்ளைகள் இடுப்பில் வளையம் சுற்றிக் காட்டுகிறார்கள். எதிரே, காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் திறந்தவெளி சினிமா. காருக்குள் இருப்பவர்களுக்குத்தான் சத்தம் கேட்கும். எனக்கு வாய் அசைவது மட்டும் தெரியும்.

ரேடியோ நிலையத்துக்கு என் பெயரில் வாரம் ஒரு சாக்கு நிறையக் கடிதம் வருகிறது. "பைத்தியக்காரக் கூட்டம்" என்று வெர்ன் அதைத் தொடுவதே இல்லை. கடையில் டைப் அடிக்கும் டோரிஸ்தான் அவற்றை மேலே அனுப்பி வைக்கிறாள்.

இப்படிக்கு,
திருமதி அர்லீன் டாக்கெட்

(உறையின்மேல்: வானத்து ராணிக்கு, ரேடியோ நிலையம், ஹார்லன்வில். அனுப்புபவர்: திருமதி ஆல்மா ஃபிரிஷ்)
ஓமஹா, 19 ஜூன் 1959

அர்லீன்,

உறையில் வேறு பெயரைப் பார்த்துக் குழம்பாதே. நான்தான், பெர்னிஸ். சாக்கைப் பற்றி நீ ஏன் எழுதினாய் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு புரிந்தது.

வெர்னின் கண்ணுக்காக இன்றே இன்னொரு கடிதமும் போடுகிறேன். அதில் அவனை வானளாவப் புகழ்ந்திருக்கிறேன். எழுதும்போது கை கூசியது.

டோரிஸ் நம்பக்கூடியவளா? அப்படியானால் அவள் கையில் பதில் கொடு. ஒளிக்காமல் எழுது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? நிஜமாகக் கேட்கிறேன்.

பெர்னிஸ்

மேடையிலிருந்து
5 ஜூலை 1959

அக்கா,

இதை டோரிஸ் பக்கத்து ஊரில் தபாலில் போடுவாள். அவள் வீட்டு முகவரி கீழே இருக்கிறது, இனி அங்கேயே எழுது.

நிஜமாகக் கேட்டாய். நிஜமாகவே சுகமாக இருக்கிறேன். ஏறிய முதல் வாரம் பகலெல்லாம் பலகையைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தேன், அவ்வளவு பயம். ஆனாலும் படுத்தால் தூங்கினேன். கல்யாணமாகி நான்கு வருடத்தில் படிக்கட்டில் கால் சத்தம் கேட்குமோ என்று காத்திராமல் நான் தூங்கியது இங்கேதான்.

கார் கதவு இல்லை. சட்டையில் இஸ்திரி சரியில்லை என்று மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். போலீஸ் டெபுடி அவனோடு சேர்ந்து பந்துருட்டி விளையாடுகிறவன். "இது குடும்ப விஷயம்மா, வீட்டுக்குப் போ. அவனுக்குப் புடிச்சத சமைச்சுக் குடு" என்று திருப்பி அனுப்பினான். அடுத்த வாரம் வெர்ன் போட்டி விளம்பரத்தைக் கொண்டு வந்து நீட்டினான். கார் கிடைக்கும் என்று அவன் என்னை ஏற்றினான். அவன் கை எட்டாது என்று நான் ஏறினேன்.

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. ஆகஸ்ட் 8 எங்கள் கல்யாண நாள். கணவனையும் மேலே ஏற்றி, கேக் வெட்டச் செய்து, பத்திரிகைக்குப் படம் பிடிக்கலாம் என்கிறார் ஓடம். வேண்டாம் என்றேன். "வெக்கப்படறா பாருங்க!" என்று டஸ்டி ரேடியோவில் சிரித்தான்.

முழங்கால் உயரக் கம்பி, அக்கா.

அர்லீன்

ஓமஹா
10 ஆகஸ்ட் 1959

அர்லீன், என் கண்ணே,

உயிரோடு இருக்கிறாயா? முதலில் அதைச் சொல். ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. நான் பதில் போடவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை வேலையில் இருந்தபோது கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குமேல் பொறுக்க முடியவில்லை. ரேடியோ நிலையத்தில் கேட்டு நம்பர் வாங்கி உன் மேடைக்கு இணைப்புக் கொடுத்தேன். நான்கு முறை மணி அடித்தது. எடுத்தது நீ இல்லை. காற்றுச் சத்தம், கீழே யாரோ கைதட்டும் சத்தம். பிறகு வெர்னின் குரல், சிரித்தபடி.

"யாரு, ஆல்மா ஃபிரிஷ் அம்மாவா? ஓமஹாவுல வெயில் எப்படி இருக்கு?"

அப்புறம் டெலிபோன் வைக்கும் சத்தம். மறுபடி மறுபடி போட்டேன், யாரும் எடுக்கவில்லை. மேற்பார்வையாளர் என் காதிலிருந்து கருவியைக் கழற்றி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஒரு வார்த்தை எழுது.

பெர்னிஸ்

மேடையிலிருந்து
17 ஆகஸ்ட் 1959

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. நீ அழாதே.

கிரேன் தொட்டியில் கேக்கைக் கையில் ஏந்தி வந்தான். கோட்டில் ரோஜா. கீழே முந்நூறு பேர், இரண்டு பத்திரிகைக்காரர்கள். கேக் வெட்டினோம், முத்தம் கொடுத்தான், கைதட்டினார்கள். அதோடு இறங்கியிருக்க வேண்டும். "அஞ்சு நிமிஷம், பொண்டாட்டியோட பேசணும்!" என்று கீழே பார்த்துக் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

கூடாரத்துக்குள் குனிந்து மெத்தையைத் தூக்கினான். உன் ஆல்மா ஃபிரிஷ் கடிதம் அங்கேதான் இருந்தது. கிழிக்க மனம் வராமல் வைத்திருந்தேன். என் முட்டாள்தனம். நின்றபடியே படித்தான். படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு என் சட்டைக் காலரைப் பின்பக்கமாகப் பிடித்து விளிம்புக்குக் கொண்டு வந்தான். ஒரு கையால் கீழே இருப்பவர்களுக்கு டாட்டா காட்டினான். என் முழங்கால் கம்பியில் இடித்தது. உடம்பு பாதி வெளியே.

"சிரி" என்றான். சிரித்தேன்.

"கால் வழுக்கிச்சுன்னு சொன்னா யாரு நம்பமாட்டா?" என்று காதில் சொன்னான்.

அப்போதுதான் டெலிபோன் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கீழே டஸ்டி ஒலிபெருக்கியில், "எடுங்கப்பா, வாழ்த்துச் சொல்ல யாரோ கூப்பிடறாங்க!" என்றான். எல்லோரும் பார்க்கிறார்களே, காலரை விட்டுவிட்டு எடுக்கப் போனான். நான் மேடைக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பத்தின் நுனியை இரு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காற்றிலும் கைதட்டலிலும் அவன் பேசியது காதில் விழவில்லை; மணி அடித்தது நீ என்று இன்றைக்குத்தான் தெரியும்.

இறங்கும்போது சொன்னான்: "அக்டோபர் பதினஞ்சு. கீழ நான்தான் நிப்பேன்."

இனி அவனை மேலே ஏற்றக்கூடாது என்று டோரிஸ் ஓடமிடம் ஏதோ சொல்லி வைத்திருக்கிறாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

நீ ஒரு மாதம் ஏன் எழுதவில்லை?

அர்லீன்

ஓமஹா
26 ஆகஸ்ட் 1959

அன்புள்ள அர்லீன்,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் நீ பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றாய். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் அக்கா" என்றாய். உன் கழுத்தில் கைக்குட்டை கட்டியிருந்தது, ஜூலை மாத வெயிலில். நான் அதைப் பார்த்தேன், அர்லீன். பார்த்தும், "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், அனுசரிச்சுப் போ" என்று சொல்லி மறுநாள் காலை நானே உன்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். உன் ஜூலைக் கடிதத்தில் அந்த டெபுடி சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைப் படிக்கும்போது என் குரலே கேட்டது. அதனால்தான் எழுத வரவில்லை.

நீ அதை ஒரு கடிதத்திலும் குறிப்பிட்டதில்லை. குறிப்பிட்டிருக்கலாம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். 15ஆம் தேதி வரை இருக்காதே. அன்றைக்கு ரோஜாவோடு அவன் நிற்பான், ஊர் கைதட்டி உன்னை அவன் கையில் பிடித்துக் கொடுக்கும். அதற்கு இரண்டு நாள் முன்னால், 13ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, அவன் தொழிற்சாலையில் இருக்கும் நேரத்தில் இறங்கிவிடு. காலை பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். கூட வேலை செய்யும் லவினியா தன் நீலக் காரைத் தருகிறாள். கிரேன்காரரை டோரிஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

கார் போகும். சாதனை போகும். போகட்டும்.

சரி என்று ஒரு சொல் எழுது.

பெர்னிஸ்

மேடையிலிருந்து
9 செப்டம்பர் 1959

அக்கா,

சுகம். குளிர் வந்துவிட்டது, டோரிஸ் கம்பளி அனுப்பினாள். நீயும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

பெட்டியைப் பற்றி நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. எழுதினால் நீயும் இல்லாமல் போய்விடுவாயோ என்று பயந்தேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் எனக்குக் கோபம் வந்தது. காருக்காக இல்லை. நூற்றுப் பதினேழு நாள் இடியிலும் மழையிலும் இங்கே இருந்திருக்கிறேன். ஜூலையில் மின்னல் விழுந்து ரேடியோ கருகியது, நான் நகரவில்லை. என் வாழ்க்கையில் நானாகச் செய்த ஒரே காரியம் இது. அதை இரண்டு நாள் மிச்சமிருக்கும்போது விட்டுவிடு என்கிறாய். நீ சொல்வது சரி என்று தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம்.

ஒன்று சொல்ல மறந்தேன். பகல் வேளையில் வேலியோரம் சில பெண்கள் வந்து நிற்கிறார்கள். ஹாரன் அடிப்பதில்லை, கத்துவதில்லை. சும்மா நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் ஒருத்தி பச்சைத் தலைத்துணி கட்டியவள். நேற்று அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்து எனக்குக் காட்டினாள். இவ்வளவு உயரத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தெரிந்தது.

சரி. 13ஆம் தேதி.

அர்லீன்

ஓமஹா
16 அக்டோபர் 1959

அர்லீன்,

எங்கே இருக்கிறாய்? நலமா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

வரும் வழியில், இல்லினாயில், காரின் பெட்ரோல் பம்பு போய்விட்டது. பழுது பார்க்கிறவன் வர ஐந்து மணி நேரம் ஆயிற்று. நான் அங்கே வந்து சேரும்போது மத்தியானம் மூன்று மணி. கூடாரத்துணி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மேடையில் யாரும் இல்லை. கம்பத்தடியில் தரையைப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று எழுத மாட்டேன்.

டோரிஸ் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "போயிட்டா. உசுரோட போயிட்டா. அதுக்கு மேல யாருக்கும் சொல்லமாட்டேன், அக்காவா இருந்தாலும் சரி" என்றாள். கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். நான் கடிதம் எழுதினால் உன்னிடம் சேர்ப்பிப்பதாக மட்டும் ஒத்துக்கொண்டாள்.

நேற்றிலிருந்து வெர்ன் என் வீட்டு எதிர்ப்பக்கம் காரை நிறுத்தி உட்கார்ந்திருக்கிறான். இங்கே வராதே. நான் பயப்படவில்லை. நேரம் தவறி வந்தேனே, அதுதான் தாங்கவில்லை.

பெர்னிஸ்

புவெப்லோ, கொலராடோ
15 நவம்பர் 1959

என் அன்பு அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று டோரிஸ் எழுதியிருந்தாள். ஒரு வாரம் காவல் இருந்துவிட்டு வெர்ன் ஊர் திரும்பிவிட்டானாம். அந்தச் செய்தி வரும்வரை உனக்கு எழுத வேண்டாம் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஒரு மாதம் உன்னைத் தவிக்க விட்டேன். மன்னித்துவிடு.

நானும் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். எஃகு ஆலை வேலைநிறுத்தத்தால் இரும்பு வராமல், அக்டோபர் முதல் வாரமே வெர்னின் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பகல் முழுதும் கம்பத்தடியில் பச்சைக் காரில் அவன் உட்கார்ந்திருந்தான். எழுதினால் நீ வரமாட்டாயோ என்று எழுதவில்லை.

13ஆம் தேதி காலையிலிருந்து ரோட்டையே பார்த்தேன். நீலக் கார் எதுவும் வரவில்லை. பத்து மணிக்கு டெலிபோன் அடித்தது. டஸ்டி.

"இன்னும் ரெண்டே நாள், வானத்து ராணி! எறங்கினதும் மொதல்ல என்ன செய்யப்போறே?"

நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை, அக்கா. வாய் தானாகப் பேசியது. "டஸ்டி, நான் இன்னிக்கே எறங்கறேன்" என்றேன்.

"என்னம்மா, வெளையாடறியா?"

"இல்ல. ஏப்ரல்ல என் கையை ஒடைச்சது கார் கதவு இல்ல, என் புருஷன். இப்ப எனக்கு நேர் கீழ பச்சைக் காருல இருக்கான். நான் தனியா எறங்க முடியாது. இதக் கேக்கற பொம்பளைங்க யாராவது இருந்தா ஓடம் கடைக்கு வாங்க. ஒண்ணும் செய்ய வேணாம். நான் எறங்கற வரைக்கும் கூட நில்லுங்க, போதும்."

டஸ்டி ஒரு பாட்டைப் போட்டு என் பேச்சை அமுக்கியிருக்கலாம். போடவில்லை. பிறகு அவன் குரல், விளையாட்டுப் பேச்சே இல்லாமல்: "கேட்டீங்கல்ல. ஓடம் கடை, மெயின் ரோடு."

வெர்னின் காரிலும் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி வந்து கம்பத்தை உதைத்தான். உதைத்த அதிர்வு என் பாதம் வரை ஏறியது. அந்தப் பக்கம் ஓடம் ஓடி வந்து, "ரெண்டு நாள் பொறும்மா, காரு போயிடும்!" என்று கையை ஆட்டினார்.

முதலில் வந்தது ஒரு பெரிய குடும்பக் கார். முடி சுருட்டும் உருளைகளைத் தலையிலிருந்து கழற்றாமலே ஒரு பருத்த பெண் இறங்கினாள், பின்னால் மூன்று குழந்தைகள். நேராக நடந்து வந்து வெர்னுக்கும் கம்பத்துக்கும் நடுவில் நின்றாள். பிறகு இரண்டு கார், பிறகு ஐந்து. ஏப்ரனோடு வந்தார்கள், வீட்டுச் செருப்போடு வந்தார்கள், பல் செட் மாட்டாமல் ஒரு கிழவி வந்தாள். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு பேர்.

"இது எங்க குடும்ப விஷயம்! வழிய விடுங்க!" என்று வெர்ன் கத்தினான்.

"எங்க வீட்டுலயும் இதையேதான் சொல்லுவாங்க" என்றாள் ஒருத்தி. பச்சைத் தலைத்துணி கட்டியவள்.

டெபுடி வந்தான். வெர்னைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான், அங்கே தன் மனைவியும் நிற்பதைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான். வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் வெர்ன் பக்கமும் போகவில்லை.

டோரிஸ் கிரேன்காரரை இழுத்து வந்தாள். தரையில் கால் வைத்ததும் முழங்கால் மடங்கிவிட்டது. எட்டடிக்குமேல் நடந்து ஐந்து மாதமாயிற்றே. எத்தனை கைகள் தாங்கின என்று தெரியாது. யாரோ ஒருத்தியின் காரில் ஏற்றினார்கள், மற்ற கார்கள் வெர்னின் காரைச் சுற்றி நெருக்கி நின்றுகொண்டன. ஊர் எல்லையில் இன்னொருத்தி, அடுத்த மாவட்டத்தில் அவள் தங்கை, அங்கிருந்து பேருந்து. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் வண்டி ஓட்டியபடியே அழுதாள்.

நூற்றைம்பத்தொரு நாள். கன்சாஸ்காரிதான் இன்றும் முதல். முன்போல் அது உறுத்தவில்லை. கொஞ்சம் உறுத்துகிறது.

இங்கே ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை, நம் அப்பாவின் குடும்பப் பெயரில். யாருக்கும் என்னைத் தெரியாது. இப்படியே இருந்துவிடலாம். ஆனால் போன வாரம் டோரிஸ் எழுதினாள். அன்று வந்தவர்களில் பதினொரு பேர் மாவட்ட அரசு வக்கீலிடம் போய், அன்று பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவர் வழக்கை எடுத்துக்கொள்கிறாராம், நான் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னால். டிசம்பர் 7, திங்கட்கிழமை. அந்தப் பதினொரு பேரில் தலைத்துணிக்காரியும் ஒருத்தி. அவள் இன்னும் அதே ஊரில், அதே வீட்டில் இருக்கிறாள், அக்கா.

போகிறேன். வெர்ன் அந்த அறையில் இருப்பான். என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் இருப்பான் என்றார்கள். அப்படியும் போகிறேன்.

5ஆம் தேதி சனிக்கிழமை மத்தியானம் என் பேருந்து ஓமஹா வரும். அங்கிருந்து நாம் சேர்ந்து போவோம். அன்றைக்குப் பனி கொட்டலாம், எது வேண்டுமானாலும் பழுதாகலாம். நீ பதறி ஓடி வர வேண்டாம். நேரமானால் ஆகட்டும். வரும் வரை நிலையத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் தங்கை,
அர்லீன் செட்லாக்